எமிங்கின் இரவுக் கணக்கு

தன் முதலாளி சோரிங்கின் மேல் எமிங் கொடுத்த கூலிப் புகாருக்குக் கலிபோர்னியாவில், ஓக்லாந்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் பேச்சுவார்த்தை வைத்திருந்தார்கள். அதற்கு எமிங் சோரிங்கின் காரிலேயே போனாள். வேறு எப்படிப் போவது? எமிங்குக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குக் கண்புரை. பேருந்தில் போனால் வலேஹோவிலிருந்து மூன்று இடத்தில் மாற வேண்டும்.

காலையில் நான் சோரிங் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எமிங் அங்கிருந்த ஆறு முதியவர்களுக்கும் கஞ்சி கொடுத்து, மாத்திரைகளை ஆப்பிள் கூழில் பொடித்துக் கலந்து ஊட்டி, படுத்த படுக்கையாக இருந்த இரண்டு பேரைப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டு, வாசலில் காலணி போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள சோரிங்கின் நாத்தனார் வந்திருந்தாள். புகார் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் எமிங் அந்த வீட்டில்தான் வேலை செய்தாள். சோரிங் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை.

"மாரே, முன்னாடி உக்காரு. பின்னாடி உக்காந்தா உனக்குத் தலை சுத்தும்" என்றாள் சோரிங்.

பிள்ளையைப் பெற்றவளும் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளும் ஒருத்தியை ஒருத்தி மாரே என்றுதான் கூப்பிடுவோம். எமிங்கின் மகள் ஜோவெலினுக்கு எங்கள் தீவுநாட்டில், கிம்பால் ஊர்க் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றியபோது மெழுகுவத்தி பிடித்து நின்றவள் சோரிங். அது ரத்த உறவைவிட ஒரு படி கடினமானது. ரத்த உறவோடு சண்டை போடலாம்.

பின் இருக்கையில் நானும், சோரிங்கின் அக்கா மகன் ட்வைட்டும், துணி சுற்றிய ஒரு பெரிய சோற்றுப் பாத்திரமும். ட்வைட் கணக்கர் வேலைக்குப் படித்தவன். சோரிங்கின் சார்பில் பேச வந்திருந்தான். பாத்திரத்தில் வினிகர்க் கோழியும் சோறும்.

"எல்லாருக்கும் சேர்த்தா சித்தி கட்டியிருக்க?" என்று கேட்டான்.

"பின்ன? மாரே பட்டினியா கெடக்கணுமா?"

"அவங்க நம்ம மேல கேஸ் போட்டிருக்காங்க சித்தி."

"கேஸ் போட்டா பசிக்காதா? நீ வாயை மூடிட்டு வா."

எமிங் பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்ல முடியும். அவள் முகத்தில் வேறெதுவும் இல்லை.

எமெரென்சியானா கர்கந்தா என்பது அவள் முழுப்பெயர். கிம்பாலில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். கணவன் தாசியோ ஜீப் ஓட்டினான். அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வந்தபோது ஜீப் போனது, பிறகு வாழைப்பழக் கடை போனது, கடைசியில் வீட்டு மனையை அடமானம் வைத்தார்கள். சோரிங் ஒரு கடிதம் அனுப்பி, சுற்றிப் பார்க்க வருகிறாள் என்று சொல்லி எமிங்கை அழைத்துக்கொண்டாள். எமிங் சுற்றிப் பார்த்தது விமான நிலையத்திலிருந்து வலேஹோ வரைக்கும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கினாள்.

சோரிங்கைக் கெட்டவள் என்று எழுத எனக்கு மனமில்லை. அவளும் இரவெல்லாம் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை பார்த்துவிட்டு வந்து, இரண்டு தடவை அடமானம் வைத்த வீட்டை ஆறு படுக்கை முதியோர் இல்லமாக நடத்துகிறவள். அவளுக்கும் ஆரம்பத்தில் ஒருத்தி இப்படித்தான் இடம் கொடுத்தாள், இப்படித்தான் வேலை வாங்கினாள். எங்கள் ஊர்க்காரர்கள் நடத்துகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். சனிக்கிழமை ஓர் உறையில் நானூற்று எண்பது டாலர். சாப்பாடு, படுக்கை இலவசம். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. அந்த ஞாயிறுகளில் மாற்றாளாகப் போனவள் நான்தான்.

படுக்கை என்றால், முதியவர்களின் அறைகளுக்கு நடுவே நடைபாதையில் ஒரு மடக்குக் கட்டில். தலைமாட்டில் மின்சார மணி. ஹால்வர்சன் என்று ஒரு கிழவர், கப்பல் கட்டும் இடத்தில் பற்றவைப்பு வேலை செய்தவர். பொழுது சாய்ந்தால் அவருக்குப் புத்தி தடுமாறும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தேடுவார். ஆபர்நதி அம்மாள் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் இடுப்பெலும்பில் தோல் சிவக்கும். சிவந்த இடத்தை அலட்சியம் செய்தால் நான்கு நாளில் புண். புண் ஆழமாகிவிட்டால் அவ்வளவுதான். நான் பாடம் எடுக்கிற பராமரிப்பு வகுப்பில் முதல் வாரமே நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எமிங் எந்த வகுப்புக்கும் வந்தவள் இல்லை. நான் ஒரு ஞாயிறு திருப்பிக் காட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

தாசியோ இறந்தது அவள் வந்த மூன்றாம் வருடம். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அவளிடம் தங்குவதற்கான தாள் எதுவும் இல்லை. ஓட்ஸ் டப்பாவில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, ஹால்வர்சனுக்கு ராத்திரிக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அடக்கத்தைப் பார்த்தாள். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கிழவர் கஞ்சியைத் துப்பிவிட்டார். துடைத்தாள். துடைத்து முடித்துத் திரையைப் பார்த்தபோது அங்கே எல்லாரும் பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை அவளே எனக்குச் சொன்னாள், நேற்று என்ன சமைத்தோம் என்று சொல்லுகிற குரலில்.

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பாதத்தில் ஊசி நுனியை வைத்துப் பார்ப்போம், காலை இழுக்கிறார்களா என்று. எமிங்கிடம் இழுப்பு இல்லை. நல்ல செய்தி, கெட்ட செய்தி, வசவு, பாராட்டு எல்லாவற்றுக்கும் "சரி" என்பாள். ஒரு ஞாயிறு அவள் வலது உள்ளங்கையில் கொப்புளங்களைப் பார்த்தேன். சூப் கொதிக்கிற பானையைக் கைத்துணி இல்லாமல் பிடித்திருக்கிறாள்.

"சுடலையாடி?"

"சுட்டுது அக்கா."

"அப்ப ஏன் கையை எடுக்கல?"

யோசித்தாள். "எடுக்கணும்னு தோணல. பானையை எறக்கணுமே."

மருந்து போட்டுக் கட்டினேன். கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, நான் நிறுத்தணும்."

அந்தப் புகாருக்குக் காரணம் இதுதான். கோபமோ பேராசையோ இல்லை. ட்வைட் உட்பட எல்லாரும் அவளை யாரோ தூண்டிவிட்டார்கள் என்றார்கள். தூண்டிவிட அவளிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அதற்குச் சில வாரம் முன்பு, பூசை முடிந்து பங்குக் கூடத்தில் தொழிலாளர் மையத்திலிருந்து ஒரு பெண் வந்து கூட்டம் போட்டாள். எமிங் வந்தது ரத்த அழுத்தம் பார்க்க. அங்கே இலவசம். அந்தப் பெண் வெள்ளைப் பலகையில் எழுதினாள். ஒரு நாளில் முதல் எட்டு மணி நேரத்துக்குச் சாதாரணக் கூலி. அடுத்த நான்கு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு மடங்கு. இது இந்த மாநிலத்துச் சட்டம், மற்ற பல மாநிலங்களில் வாரக் கணக்கு மட்டும்தான், இங்கே நாள் கணக்கும் உண்டு என்றாள். கூடத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எங்களுக்கு ஒரு நாளைக்கு இருபத்தி நாலு மணிதாம்மா. இன்னும் ரெண்டு குடுத்தா அதையும் வேலை செய்வோம்" என்றாள் ஒருத்தி.

எமிங் கையில் நூடுல்ஸ் தட்டோடு ஒன்றுதான் கேட்டாள்: "இது தாள் இருக்கறவங்களுக்கா?"

"வேலை செஞ்சவங்களுக்கு. தாளைப் பத்தி அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

கை ஆறியதும் என்னோடு வந்து படிவம் கொடுத்தாள். அவள் மனதில் ஒரே ஒரு கணக்கு இருந்தது. மனை மீள வேண்டும். அது மட்டும் என்றால் பன்னிரண்டாயிரம் டாலர் போதும். ஆனால் மனை மீண்டாலும் அதில் உட்கார்ந்து எதைச் சாப்பிடுவது? ஜோவெலினுக்குத் தாதிப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஆக, பன்னிரண்டோ இருபதோ வந்தால் எமிங் அந்த மடக்குக் கட்டிலில் இன்னும் பல வருடம் படுக்க வேண்டும். அறுபது வந்தால் ஊருக்குப் போய் ஓர் அரிசிக் கடை வைக்கலாம், திரும்பி வரவே வேண்டாம். ஒருமுறை போனால் திரும்ப முடியாது என்பதால் இடைப்பட்ட தொகை எதுவும் அவளுக்குப் பயன்படாது.

ட்வைட் முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தான். பன்னிரண்டாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று.

ஓக்லாந்து அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. நடுவில் மேசை. அதிகாரி குவின்டனார் என்ற பெண், ஐம்பது வயது இருக்கும், மூட்டு வலிக்காரி. உட்காரும்போது மேசையைப் பிடித்தாள். எங்கள் ஊர் மொழியான இலொங்கோ பேசுகிற மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல், நாட்டுப் பொதுமொழியான தகாலோக் பேசுகிற ஒருவரைத் தொலைபேசியில் வைத்திருந்தார்கள். நான் சாட்சி என்று பெயர் கொடுத்திருந்தேன்.

"நீங்க எல்லாரும் ஒண்ணா வந்தீங்களா?" என்று கேட்டாள் அதிகாரி.

"என் கார்லதான்" என்றாள் சோரிங், பெருமையாக.

அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். வேலை நேரம் எழுதி வைத்த பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அதை வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை, இல்லாவிட்டால் வேலை செய்தவர் நியாயமாகச் சொல்லும் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றாள்.

ட்வைட் தன் கணக்கை நீட்டினான். அழகாக அச்சடித்திருந்தான். "காலை அஞ்சுல இருந்து ராத்திரி ஒம்பது. பதினாறு மணி நேரம். ஆறு நாளைக்குத் தொண்ணூத்தாறு. நானூத்தி எண்பதைத் தொண்ணூத்தாறால வகுத்தா மணிக்கு அஞ்சு டாலர். குறைஞ்சபட்சக் கூலி பத்து. மிச்சம் அஞ்சு பாக்கி, அதை ஒத்துக்கறோம். அதுல சாப்பாடு, தங்கற எடம் கழிக்கணும்."

"சாப்பாட்டையும் இடத்தையும் கூலியில கழிச்சுக்கலாம்னு அவங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கா?"

"மாரே கிட்ட சோத்துக்கு யாராச்சும் கையெழுத்து வாங்குவாங்களா?" என்றாள் சோரிங், அதிர்ந்துபோய்.

"அப்ப கழிக்க முடியாது" என்றாள் அதிகாரி. "அப்புறம் வகுக்கறது தொண்ணூத்தாறால இல்ல. வாரச் சம்பளம்னு குடுத்தா அது முதல் நாப்பது மணி நேரத்துக்கான சம்பளம் மட்டும்தான். மிகை நேரம் அதுக்குள்ள அடங்காது. நானூத்தி எண்பதை நாப்பதால வகுங்க."

ட்வைட் வகுத்தான். பன்னிரண்டு.

"அதுதான் இவங்களோட அடிப்படைக் கூலி. ஒன்றரை மடங்கு பதினெட்டு. ரெண்டு மடங்கு இருபத்தி நாலு."

"அதெப்படி? அதிக நேரம் வேலை செஞ்சா அடிப்படைக் கூலி குறையணுமே!"

"அப்படிக் குறைஞ்சா, அதிகமா வேலை வாங்க வாங்க மலிவாயிடுமில்ல? அது நடக்கக் கூடாதுன்னுதான் சட்டம்."

அவள் பென்சிலால் போட்டாள். ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும் நான்கு மணி நேரத்துக்குப் பதினெட்டு வீதம். அதற்கு மேல் நான்கு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு வீதம். ஆறாம் நாளுக்கு முதல் எட்டு மணி நேரமும் பதினெட்டு வீதம், ஏனென்றால் நாற்பது மணி நேரம் ஐந்தாம் நாளோடு தீர்ந்துவிட்டது. கூட்டினால் வாரத்துக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. சனிக்கிழமை உறைக்கு மேல்.

சோரிங் ஜெபமாலையைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். எமிங் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த ஒரு துண்டை விரலால் அழுத்தி ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டம் பின்னோக்கிப் பார்ப்பது மூன்று வருடம்தான்; அதற்குப் பெருக்கினால் வரும் தொகைக்கே அந்த வீட்டில் அடமானம் போக மிச்சம் இல்லை. அது அதிகாரிக்கும் தெரியும். சட்டம் போடுகிற கணக்கு ஒன்று, ஆறு படுக்கை வீடு கொடுக்க முடிந்தது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ முடியும், இல்லாவிட்டால் முறையான விசாரணைக்குப் போகும்.

"இனி இரவு" என்றாள் அதிகாரி. "ஒம்பதுல இருந்து காலை அஞ்சு வரைக்கும் எட்டு மணி நேரம். எல்லாமே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல போறதால இருபத்தி நாலு வீதம்." பெருக்கினாள். பென்சிலை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பெருக்கினாள். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. பகலுக்கு எவ்வளவோ இரவுக்கும் அவ்வளவே வந்தது.

"அது தூக்கம்!" என்றான் ட்வைட். "தூங்கறதுக்குச் சம்பளமா? ராத்திரி தூங்கறதுக்குன்னுதான் பேச்சு. அவங்களுக்கும் தெரியும். இரவு இல்லன்னா இருபதாயிரம் வரைக்கும் போறோம். இப்பவே கையெழுத்துப் போடறோம்."

அதிகாரி சொன்னாள்: "இருபத்தி நாலு மணி நேரப் பணியில அப்படி ஒரு உடன்பாடு இருந்து, சரியான படுக்கை இருந்து, பெரும்பாலும் தடையில்லாம தூங்க முடிஞ்சிருந்தா எட்டு மணி நேரம் வரைக்கும் கழிக்க வழி இருக்கு. கூப்பிட்டு எழுப்பினா அது வேலை நேரம்." எமிங்கைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. ராத்திரி தூங்கினீங்களா?"

தொலைபேசிக்காரர் அதைத் தகாலோக்கில் திருப்பிச் சொன்னார்.

எமிங் பதில் சொல்வதற்குள் சோரிங் முந்திக்கொண்டாள். "தினமும் காலையில ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நான் கேக்கற முதல் வார்த்தை அதுதான் அம்மா. 'மாரே, நல்லா தூங்கினியா?' என்ன சொல்லுவா, கேளுங்க."

"என்ன சொல்லுவீங்க?"

"நல்லா தூங்கினேன்னு சொல்லுவேன்" என்றாள் எமிங்.

"அது உண்மையா?"

இந்த இடத்தில் எங்களை அறியாதவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கே வந்தது. வீட்டுக்காரி, அதிலும் மாரே, நல்லா தூங்கினாயா என்று கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. தூங்கவில்லை என்பது அவள் கொடுத்த படுக்கையைப் பழிப்பது. அதை ஓர் அந்நிய அதிகாரியின் முன்னால், அவளை உட்காரவைத்துக்கொண்டு சொல்வது, நடுத்தெருவில் அவள் முகத்தில் துப்புவது. புகாரில் பணம் கேட்கலாம். பணம் பாக்கி என்பது யாருக்கும் நடப்பது. படுக்கை சரியில்லை என்பது வேறு.

"உண்மைதான்" என்றாள் எமிங்.

மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். இழுக்கவில்லை.

"நான் சாட்சி. அந்தக் கட்டில்ல நானும் படுத்திருக்கேன்" என்றேன்.

"நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தானே?" என்றான் ட்வைட். "அவங்க வாயாலயே சொல்லிட்டாங்களே."

அதிகாரி என்னைக் கையமர்த்தினாள். எனக்கும் நேரம் வரும் என்றாள். ஆனால் பென்சில் இரவு என்று எழுதிய வரிமேல் போய் நின்றிருந்தது. இருபதாயிரம். மனையை மீட்டு, ஒரு வருடப் படிப்புக் கட்டணம் கட்டி, மறுபடி மடக்குக் கட்டில். எமிங்குக்கு அது புரிந்திருந்தது. முகத்தில்தான் ஒன்றும் தெரியவில்லை.

சோரிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாரே தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதை வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருப்பது எங்களில் யாராலும் முடியாது. உடனே திருப்பிச் செய்தாக வேண்டும். அவளிடம் அந்த நேரத்தில் திருப்பிக் கொடுக்க இருந்தது புகழ்ச்சி ஒன்றுதான்.

"அம்மா, இவளைப் பத்தி ஒண்ணு நீங்க எழுதிக்கணும்" என்றாள், தன்னையறியாமல் தகாலோக்குக்கு மாறி. "இவளை மாதிரி ஆளு இந்தக் கலிபோர்னியாவுல கெடையாது. ஆறு வருஷத்துல என் வீட்டுல ஒருத்தருக்குப் படுக்கைப் புண் வந்ததில்ல. ஒருத்தருக்கு! சோதனைக்கு வந்தவரே ஆபர்நதி அம்மா முதுகைப் பாத்துட்டு, இது எப்படின்னு கேட்டாரு. எப்படின்னா, மாரே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிடுவா. பகலோ ராத்திரியோ, ஒரு தரம் தவறாது. அலாரம்கூட வேணாம் அவளுக்கு. நான் ஆஸ்பத்திரியில இருந்து எப்ப போன் அடிச்சாலும் ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடுவா."

ட்வைட் அவள் கையைப் பிடித்தான். "சித்தி."

"என்னடா? உண்மைதானே? என் மாரேயைப் பத்தி நான் சொல்லக் கூடாதா?"

"சித்தி, போதும்."

"நீ யாருடா அதைத் தடுக்க? உனக்கு டயப்பர் மாத்தினவ நானு."

அறையில் தொலைபேசிக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார், புகழ்ச்சியை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில். அவர் முடித்ததும் அதிகாரி எழுதினாள். நிதானமாக எழுதினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரியும்" என்றாள். "அவங்க தூங்கிட்டு இருந்திருந்தா, திருப்பினது யார்?"

சோரிங் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. யாரும் திருப்பவில்லை என்றால் அது நோயாளியைக் கவனிக்காமல் போட்டுவைத்த குற்றம், இல்லத்தின் உரிமமே போகும். எமிங் திருப்பினாள் என்றால் அது வேலை. மூன்றாவது பதில் இல்லை. இருந்திருந்தாலும் அவள் அதைத் தேடியிருக்க மாட்டாள். சுத்தமான அந்த முதுகுதான் அவள் வாழ்க்கையில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம்.

"மாரேதான்" என்றாள்.

ட்வைட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

அதன் பிறகு நடந்தது வெறும் பேரம். அதிகாரி இரண்டு தரப்பையும் தனித்தனி அறையில் வைத்து நடுவில் நடந்தாள், மூட்டு வலியோடு. விசாரணைக்குப் போனால் இரவும் சேரும், தீர்ப்பு எழுத்தில் நிற்கும் என்று அவர்களிடம் சொன்னாள். வீட்டை விற்றாலும் முழுதும் தேறாது, வருடக்கணக்கில் இழுக்கும் என்று எங்களிடம் சொன்னாள். எமிங் ஒரே ஒரு தொகை சொன்னாள். அறுபதாயிரம். அதற்கு மேல் கேளுங்கள், சட்டப்படி உங்களுக்கு எவ்வளவோ அதிகம் வரும் என்று அதிகாரியே எடுத்துச் சொன்னாள்.

"அதுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்றாள் எமிங்.

பாதி உடனே, மீதி தவணையில் என்று முடிந்தது. கையெழுத்துப் போடும்போது உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்பு பளபளத்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் சோரிங் வண்டியின் பின்கதவைத் திறந்து பாத்திரத்தை அவிழ்த்தாள். காகிதத் தட்டில் எமிங்குக்குத்தான் முதலில் போட்டாள். தொடைக் கறி.

"மாரே, நீ ஏன் அங்க தூங்கினேன்னு சொன்ன?" என்று கேட்டாள், திடீரென்று.

"நீ கேட்டியே."

"நான் தினமும் கேட்டேனே. தூங்கலன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

சோரிங் எமிங்கின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "வேற ஆளு வெச்சிருக்க முடியாது" என்று ஒப்புக்கொண்டாள். "பணமில்ல."

"அதான்" என்றாள் எமிங். "வினிகர் கொஞ்சம் தூக்கலா இருக்கு மாரே."

"உன் நாக்குதான் செத்துப்போச்சு. சரியாத்தான் இருக்கு. ட்வைட், எப்படி இருக்கு?"

"அறுபதாயிரம் டாலர் கோழி சித்தி. ருசியாத்தான் இருக்கு" என்றான் ட்வைட். சோரிங் கரண்டியாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள். நான் சிரித்தேன். எமிங் எலும்பைச் சுத்தமாகக் கடித்துவிட்டுத் தட்டை மடித்தாள்.

முதல் பாதி வந்த மாதம் அவள் கிளம்பினாள். ஆபர்நதி அம்மாளின் முதுகை, இடுப்பை, குதிகால்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். புதிதாக வந்த இரண்டு பெண்களுக்குத் தலையணை வைக்கிற விதத்தைக் காட்டினாள். முதியவர்களின் கட்டணத்தைக் கூட்டி, இப்போது அந்த வீட்டில் பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி. இரவுக்காரி நாற்காலியில் விழித்து உட்காருகிறாள். மடக்குக் கட்டிலை சோரிங் வாகனக் கொட்டகையில் போட்டுவிட்டாள். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. விமான நிலையத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவளும் சோரிங்தான்.

கிம்பாலில் மனை மீண்டது. அரிசிக் கடை சுமாராகப் போகிறது. அடகுக்காரன் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அம்மா அழுதாளா என்று ஜோவெலினிடம் கேட்டேன். இல்லை, அரிசி மூட்டையை எங்கே அடுக்குவது என்று கேட்டாள் என்றாள். மகள் இன்னொன்றும் சொன்னாள். அம்மாவுக்குத் தனி அறை, கதவு வைத்து, நல்ல மெத்தை. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பக்கத்து அறைக்கு வந்து, தூங்குகிற மகளின் தோளைப் பிடித்துப் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறாளாம். முதலில் ஜோவெலின் பயந்தாளாம். இப்போது பழகிவிட்டதாம்.

"திட்டாதே. தள்ளியும் விடாதே. திருப்பினா திரும்பிப் படுத்துக்கோ" என்றேன். நரம்பு செத்த இடத்தில் உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும். சில பேருக்குத் திரும்பாது. எவ்வளவு நாள் என்று கேட்டால் எந்த வைத்தியரும் சொல்லமாட்டார்.

மாதம் ஒருமுறை எமிங்கைக் கூப்பிடுகிறேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறாள். அரிசி என்ன விலை, கை எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று கேட்பேன். தூங்கினாயா என்று கேட்பதில்லை. போன மாதம் அவளாகவே ஒன்று சொன்னாள். பானை சுட்டதாம். கையை எடுத்துவிட்டாளாம். சோறு முழுக்கத் தரையில் கொட்டிவிட்டதாம்.

"எவ்வளவு அரிசி?" என்றேன்.

"ரெண்டு படி இருக்கும் அக்கா."

"போகட்டும்" என்றேன்.